தோற்ற அணிக்கு இன்னொரு மேட்ச்

பள்ளிகளுக்கிடையே வட்டார அளவில் நடக்கும் சோனல் போட்டியில் முதல் மேட்சிலேயே தோற்ற அணிக்கு மத்தியானப் பஸ் கிடைத்துவிடும். ஒன்பதரைக்கு விசில் அடித்தால் பத்தேகாலுக்குள் கைகுலுக்கல் முடியும். பிறகு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டியதுதான். பதினோரு மணிக்குப் புளியோதரை யாருக்கும் தொண்டையில் இறங்காது. ஜெயித்த அணி சாயங்காலம் வரை வெயிலில் கிடந்து கறுத்துத் திரும்பும். தோற்றவர்கள் காலையில் பூசிய விபூதி கலையாமல் வீடு சேர்வார்கள். உடற்கல்வி ஆசிரியராக வேலை பார்த்த காலமெல்லாம் அந்தப் பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றிவிட்டவன் நான். அதற்கு முன்னால், அரைக்கால் சட்டை போட்ட வயதில் நானே அதில் ஏறியிருக்கிறேன்.

இருந்தும் பள்ளிக்கூடத்து விளையாட்டு என்றால் இன்றைக்கும் எனக்கு மனசு நிறைந்துபோகும். அந்த நிறைவில் சோனலுக்குப் பெரிய பங்கில்லை. வேறு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்ததில் எழுதுவது இது.

நான் படித்தது சாத்தான்குளத்துக்குத் தெற்கே, தேரிக்காட்டு ஓரத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளி. 1970-கள். பதினோராம் வகுப்பு வரை இருந்த பழைய எஸ்.எஸ்.எல்.சி. அப்போது தூத்துக்குடி மாவட்டம் கிடையாது, 1986-ல்தான் பிரித்தார்கள். மாவட்ட மேட்ச் என்றால் பாளையங்கோட்டை. அங்கே போகிற யோகம் எங்கள் அணிக்கு வாய்த்ததே இல்லை என்பதால் பாளையங்கோட்டை மைதானங்களைப் பற்றி நாங்கள் கேள்விப்பட்டதோடு சரி.

ஊர் முழுக்கச் செம்மண். கால் வைத்தால் கணுக்கால் வரை புதையும் மணல். கிரிக்கெட் பந்து அதில் எழும்பாது, ஹாக்கி மட்டை ஓடாது. வாலிபாலுக்கு மட்டும் அந்த மண் சரிப்பட்டது. பந்து தரையில் படாமல் பார்த்துக்கொள்ளும் விளையாட்டுக்குத் தரை எப்படி இருந்தால் என்ன? விழுந்து புரண்டாலும் முட்டி பெயராது. சட்டைதான் சிவந்துபோகும். துவைத்துப் போடும் அம்மாமாரிடம் வசவு கேட்காத வாலிபால்காரன் எங்கள் ஊரில் கிடையாது.

இரண்டு பனந்தூண் நட்டு வலை கட்டியிருந்தது. கோடு போடுவதுதான் வித்தை. சுண்ணாம்பு போட்டால் நாலு பேர் நடந்ததும் மணலோடு கலந்து காணாமல் போய்விடும். அதனால் எங்கள் டிரில் மாஸ்டர் தும்புக் கயிற்றைக் கோடாகப் பதித்து, மூலைக்கு மூலை முளை அடித்துவிடுவார். அவரிடம் முடிச்சுப் போட்ட அளவுக் கயிறு ஒன்று இருந்தது. மூன்று மீட்டரில் ஒரு முடிச்சு, ஒன்பதில் ஒன்று, பன்னிரண்டே முக்காலுக்குக் கொஞ்சம் முன்னால் ஒன்று. கடைசி முடிச்சு எதற்கு என்று வெகுநாள் தெரியாது. கோர்ட் பதினெட்டுக்கு ஒன்பது. பாதிக் கோர்ட் ஒன்பதுக்கு ஒன்பது சதுரம். அதன் மூலைவிட்டம் 12.73 மீட்டர். அந்த முடிச்சு இரு பக்கமும் எதிர் மூலையில் சரியாக விழுந்தால்தான் கோர்ட் கோணவில்லை என்று அர்த்தம். கர்ணத்தின் வர்க்கம் என்று கணக்கு வாத்தியார் கரும்பலகையில் போட்டபோது, எங்கள் வகுப்பில் அதை ஏற்கெனவே மண்ணில் அளந்து பார்த்திருந்தவர்கள் ஆறேழு பேர் இருந்தோம். மார்க் என்னவோ கூடவில்லை.

பந்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இப்போது வருகிற பந்துக்கு வாய் கிடையாது, ஊசி குத்திக் காற்றடித்தால் முடிந்தது. எங்களுடையது தோல் பந்து. உள்ளே ரப்பர் பிளாடர், வெளியே ஷூவுக்குக் கட்டுகிற மாதிரி லேஸ். காற்று இறங்கினால் அதைச் சரிசெய்வது ஒரு சாயங்கால வேலை. லேஸை ஒவ்வொரு துளையாக இழுத்துத் தளர்த்த வேண்டும். சுருக்கம் விழுந்த பிளாடரை வெளியே எடுத்துச் சைக்கிள் கடையில் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கினால் எங்கிருந்தாவது குமிழி வரும். அந்த இடத்தை உப்புத்தாளில் தேய்த்து, சொல்யூஷன் தடவி, டியூப் துண்டை ஒட்டி, காயவிட்டு, மறுபடி உள்ளே திணித்து விரலால் தடவித் தடவி மடிப்பு நீக்குவோம். பம்பில் காற்றடித்து, பிளாடர் கழுத்தை மடக்கி நூல் சுற்றி, கழுத்தை உள்ளே தள்ளி, கொக்கி ஊசியால் லேஸை இழுத்துக் கட்டுவோம். கட்டியவன் கைத்திறன் பந்து பறக்கும்போது தெரிந்துவிடும். லேஸ் பக்கம் புடைத்துக்கொண்டிருந்தால் பந்து அந்தரத்தில் நெளியும். அண்டர்ஆர்மில் எடுக்கும்போது லேஸ் வந்து முன்கையில் விழுந்தால் தோல் கன்றி நிற்கும். மழையில் நனைந்த தோல் பந்தோ கல். சாயங்காலம் ஆறு மணிக்கு அந்தப் பந்து தலைமையாசிரியர் அறைப் பீரோவுக்குள் போய்விட வேண்டும் என்பது சட்டம். பள்ளிக்கூடத்தின் ஒரே பந்து அது.

டிரில் மாஸ்டர் அதிகம் பேசமாட்டார். "ஏல, பந்து பின்னால ஓடாத. பந்து வார எடத்துல போயி நில்லு." இந்த ஒரு வாக்கியத்தைத்தான் வருஷம் பூராவும் சொன்னார். பின்னாளில் நான் வாங்கிப் படித்த பயிற்சிப் புத்தகங்களில் இதைவிடச் சுருக்கமாக ஒன்றும் இல்லை.

எங்கள் அணியில் நெட்டையன் ஒருவன் இருந்தான், எம்பாமலே வலைக்கு மேல் கை வரும். அவனுக்குப் பந்து தூக்கிக் கொடுக்கும் லிஃப்டர் மிகவும் நோஞ்சான். ஆனால் விரல் நுனியில் பந்து இருக்கிற கால் விநாடிக்குள் எதிர்ப்பக்கம் யார் எங்கே நிற்கிறான் என்று பார்த்துவிடுவான். பின்வரிசையில் ஒரு குட்டைப் பையன். எந்த அடியையும் கீழே விடமாட்டான், ஆனால் சுழற்சியில் முன்வரிசைக்கு வந்ததும் பாவம், வலைக்கு அடியில் நின்று வானத்தைப் பார்ப்பான். எதிரணி அவனுக்கு மேலேயே அடித்துப் புள்ளி எடுக்கும். 1998-க்குப் பிறகு லிபரோ என்று ஓர் இடம் வந்தது, பின்வரிசையில் மட்டும் ஆடுகிறவனுக்கு, வேறு நிறச் சட்டையோடு. அவனுக்காகவே எழுதிய விதி. இருபது வருஷம் தாமதமாக வந்தது.

சனிக்கிழமைதோறும் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு ஃப்ரெண்ட்லி மேட்ச். இதற்கு எந்த அலுவலக உத்தரவும் கிடையாது. இரண்டு டிரில் மாஸ்டர்கள் சந்தையில் பார்த்துப் பேசிக்கொள்வார்கள், அவ்வளவுதான். சைக்கிளுக்கு இருவர் வீதம் போவோம், மிச்சப் பேர் குறுக்குவழியில் நடந்தே வருவார்கள். போன ஊரில் பதநீர் காலமாக இருந்தால் வரவேற்புப் பிரமாதம். ஓலைப் பட்டையை மடித்துக் கையில் தருவார்கள், நுங்கை விரலால் நோண்டிப் போட்டுப் பதநீர் ஊற்றுவார்கள். வயிறு முட்டக் குடித்துவிட்டு ஆடினால் குதிக்க முடியாது. உபசாரமா உள்குத்தா என்று எங்களுக்குள் வெகுநாள் விவாதம் இருந்தது. எங்கள் ஊருக்கு அவர்கள் வந்தபோது நாங்களும் தாராளமாகவே ஊற்றினோம்.

அந்தக் கால ஸ்கோர் முறையை இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். சர்வீஸ் போடுகிற அணிக்குத்தான் புள்ளி. எதிரணி ஜெயித்தால் சர்வீஸ் மட்டும் கைமாறும், புள்ளி ஏறாது. பதினைந்து எடுத்தால் ஒரு செட், இரண்டு புள்ளி வித்தியாசம் வேண்டும். பன்னிரண்டு - பதின்மூன்றில் ஆட்டம் அப்படியே உறைந்து நிற்கும். அவர்கள் அடிப்பார்கள், சர்வீஸ் சேஞ்ச். நாங்கள் அடிப்போம், சர்வீஸ் சேஞ்ச். கால் மணி நேரம் அத்தனை பேரும் விழுந்து புரண்டு எழுந்தும் பலகையில் எண் மாறாது. கடற்கரை ஊர்ப் பள்ளியோடு ஆடிய ஒரு மேட்ச் மூன்றாவது செட்டில் அப்படி மாட்டிக்கொண்டு, பந்து கண்ணுக்குத் தெரியாமல் போனதால் நின்றது. அடுத்த சனிக்கிழமை மீதியை ஆடலாம் என்று இரண்டு மாஸ்டர்களும் முடிவு செய்தார்கள். அந்த ஒரு வாரம் வகுப்பில் நாங்கள் யாரும் வேறு எதையும் பேசவில்லை. மீதியில் தோற்றோம். அதற்கடுத்த வாரம் அவர்களை எங்கள் மண்ணில் வைத்து ஜெயித்தோம். தோற்ற கணக்கைத் தீர்க்க இன்னொரு சனிக்கிழமை இருந்தது என்பதுதான் அதில் இருந்த சுகம்.

சோனலில் அது கிடையாது. சிமெண்ட் மாதிரி இறுகிய தரை, கேன்வாஸ் ஷூ போட்ட டவுன் பள்ளி அணி, நாங்கள் வெறுங்காலோடு. எங்களைவிட நன்றாகவே ஆடினார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முதல் செட்டில் தரையின் வேகம் பிடிபடுவதற்குள் முடிந்தது, இரண்டாவதில் பிடிபட்டபோது மேட்ச் முடிந்தது. நெட்டையன் பஸ்ஸில் ஏறியதும், "இப்பத்தாம்ல கை சூடாச்சு" என்றான். பள்ளி மேட்ச் பற்றி நான் கேட்டதிலேயே துல்லியமான விமர்சனம் அது.

பட்டம் முடித்த கையோடு, 1980-களின் தொடக்கத்தில், நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரிக்குப் போனேன். 1920-ல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் தொடங்கியது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியோடு போனவர் அவர். வாலிபாலுமே ஒய்.எம்.சி.ஏ. பிள்ளைதான். 1895-ல் மசாசூசெட்ஸில், ஹோலியோக் ஊர் ஒய்.எம்.சி.ஏ.வில் உடற்பயிற்சி இயக்குநராக இருந்த வில்லியம் மார்கன் கண்டுபிடித்தார். கூடைப்பந்து ஓடிக் களைக்கிற விளையாட்டாக இருக்கிறதே, கொஞ்சம் வயதானவர்களும் ஆடுகிற மாதிரி ஒன்று வேண்டும் என்று யோசித்தாராம். தேரிமணலில் எங்களை ஆடவிட்டிருந்தால் அந்த எண்ணத்தை மாற்றிக்கொண்டிருப்பார்.

கல்லூரியில் ஃபிக்ஸ்சர், அதாவது எந்த அணி எந்த அணியோடு ஆடும் என்ற அட்டவணை, போடச் சொல்லித் தருவார்கள். வெளியே இருப்பவர்களுக்கு இது அற்ப வேலையாகத் தெரியும். ஒரு பிள்ளையின் விளையாட்டு வருஷம் எத்தனை மணி நேரம் என்பதை அந்தத் தாள்தான் தீர்மானிக்கிறது. சோனல் என்பது நாக்அவுட். பதினோரு அணி வந்தால், அதற்கு மேல் வரும் இரண்டின் அடுக்கு பதினாறு. பதினாறில் பதினொன்று போக ஐந்து பை, அதாவது முதல் சுற்று ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போகிற ஐந்து இடம். மேல்பாதியில் ஆறு அணி, கீழ்ப்பாதியில் ஐந்து. முதல் பை கீழ்ப்பாதியின் கடைசி அணிக்கு, இரண்டாவது மேல்பாதியின் முதல் அணிக்கு, மூன்றாவது கீழ்ப்பாதியின் முதல் அணிக்கு, இப்படி மாறி மாறிப் போகும். ஒவ்வொரு மேட்சும் ஓர் அணியை வீட்டுக்கு அனுப்புகிறது, ஆகவே பத்து மேட்சில் எல்லாம் முடியும். இதே பதினோரு அணியை லீக் முறையில் ஆடவிட்டால் 55 மேட்ச். மைதானம் ஒன்று, அம்பயர் இருவர், கையிலிருப்பதோ ஒன்றிரண்டு நாள். நாக்அவுட்டைத் தவிர வழியில்லை என்று யாரும் சொல்லிவிடலாம். நானும் பல வருஷம் சொன்னேன்.

அந்தப் பதினோரு அணியில் நாலிலிருந்து ஏழு வரை ஒரே மேட்சோடு ஊருக்குத் திரும்பும் என்பதையும் அதே தாளில் எண்ணிப் பார்க்கலாம். ஜூன் மாதம் பள்ளி திறந்ததிலிருந்து காலை ஏழு மணிக்கு வந்து பயிற்சி எடுத்த பிள்ளைக்கு முக்கால் மணி நேரம்.

நான் வேலை பார்த்த பள்ளிகளில் பெண்கள் அணியும் உண்டு. ஒரு பெண்ணை வெளியூர் மேட்சுக்குக் கூட்டிப்போக என்ன பாடு படவேண்டும் என்பது உடற்கல்வி ஆசிரியர்களுக்குத் தெரியும். வீட்டுக்கே போய்ப் பேச வேண்டும். யார் யார் வருகிறார்கள், கூட டீச்சர் உண்டா, இருட்டுவதற்குள் வந்துவிடுவீர்களா, அரைக்கால் சட்டைதான் போடவேண்டுமா, எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். அப்பா சம்மதித்தாலும் தாய்மாமன் சம்மதிக்கமாட்டார். அப்படிக் கூட்டிப்போன ஓர் அணி முதல் மேட்சில் தோற்று மத்தியானமே திரும்பியது. பஸ் நிறுத்தத்தில் காத்திருந்த ஒரு தாய், கோபமில்லாமல்தான் கேட்டார்: "இதுக்குத்தானா சார் பிள்ளைய இவ்வளவு தூரம் கூட்டிட்டுப் போனிய?" அடுத்த வருஷம் அந்தப் பெண் அணியில் இல்லை.

அந்தக் கேள்விக்கான பதில் நந்தனத்தில் எடுத்த என் நோட்டிலேயே இருந்தது. கான்சலேஷன் ஃபிக்ஸ்சர். முதல் மேட்சில் தோற்றவர்களை மட்டும் தனியாகக் கோர்த்து இன்னொரு சிறு நாக்அவுட். தேர்வுக்காகப் படித்து, எழுதி, மறந்துபோகிற பாடங்களில் ஒன்று. நடைமுறையில் யாரும் போடாததற்கு அந்தக் காலத்தில் காரணம் இருந்தது. பழைய ஸ்கோர் முறையில் ஒரு மேட்ச் எப்போது முடியும் என்று எந்த அம்பயராலும் சொல்ல முடியாது. சமமான இரண்டு அணி மாட்டிக்கொண்டால் அன்றைய அட்டவணை முழுக்கச் சரிந்துவிடும். தோற்றவர்களுக்கு வேறு மேட்ச் வைப்பது பற்றி யார் யோசிப்பார்கள்?

1990-களின் கடைசியில் ராலி முறை வந்தது. யார் சர்வீஸ் போட்டாலும் ஒவ்வொரு பந்துக்கும் புள்ளி, 25-ல் செட். பழைய ஆட்டக்காரர்கள் நிறையப் பேர் புலம்பினார்கள், ஆட்டத்தின் உயிரே போய்விட்டது என்று. எனக்கும் அந்த உறைந்து நிற்கும் கால் மணி நேரத்தின் மேல் ஆசை உண்டு. ஆனால் போட்டி நடத்துகிறவனாகப் பார்த்தால் இது வரம். ஒரு செட் என்றால் இருபது, இருபத்தைந்து நிமிஷம் என்று கண்ணை மூடிக்கொண்டு அட்டவணை போடலாம்.

எங்கள் பள்ளி சோனலை நடத்தும் பொறுப்பேற்ற ஒரு வருஷம் செய்து பார்த்தேன். பத்தொன்பது வயதுக்கு உட்பட்ட பெண்கள் பிரிவில் எட்டு அணி. காலையில் தோற்ற நாலு அணியையும் போகவிடாமல், மைதானத்தின் ஓரத்தில் இரண்டாவது வலை கட்டினேன். ஒரே செட், 25 புள்ளி. அம்பயருக்கு என் பழைய மாணவர்கள் இருந்தார்கள். சக ஆசிரியர்களில் சிலர் முணுமுணுத்தார்கள்: இதற்குச் சான்றிதழ் உண்டா, ரிசல்ட் ஷீட்டில் எங்கே எழுதுவது, மத்தியானப் பஸ் போய்விடுமே. சான்றிதழ் இல்லை, எங்கேயும் எழுத வேண்டாம், நாலு மணிக்கும் பஸ் உண்டு என்றேன். காலையில் கை கால் நடுங்க சர்வீஸை வலையில் போட்ட பிள்ளைகள், இழக்க ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் ஆடிய ஆட்டத்தைப் பார்க்க வேண்டுமே! மெயின் கோர்ட்டில் செமிஃபைனல் நடந்துகொண்டிருந்தது. கூட்டம் இந்தப் பக்கம்தான் நின்றது.

அதைப் பார்த்துக்கொண்டிருந்த வேறு பள்ளி ஆசிரியர் ஒருவர், "நம்ம சனிக்கிழமை மேட்ச் மாதிரி இருக்கு, அண்ணாச்சி" என்றார். அவரும் எங்கள் பக்கத்து ஊர்ப் பள்ளியில் வாலிபால் ஆடி வளர்ந்தவர்தான்.

இந்தத் தொழிலில் பெருமைப்பட எனக்குப் பெரிய பட்டியல் இல்லை. 1986 சியோல் ஆசிய விளையாட்டில் இந்திய வாலிபால் அணி வெண்கலம் வாங்கியபோது அதில் ஆடிய ஜிம்மி ஜார்ஜின் படத்தைச் செய்தித்தாளிலிருந்து வெட்டி விளையாட்டுச் சாமான் அறைக் கதவில் ஒட்டினேன். அந்த உயரத்துக்கு ஒரு பிள்ளையை அனுப்ப வேண்டும் என்ற ஆசை நிறைவேறவில்லை. காவல்துறையில், ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்கள் சிலர் இருக்கிறார்கள், சந்தோஷம். ஆனால் பஸ்ஸில், கல்யாண வீட்டில், ஆஸ்பத்திரி வரிசையில் என்னைப் பார்த்ததும் எழுந்து வருகிறவர்களில் பெரும்பாலோர் மாவட்ட மேட்சைக் கண்ணால் பார்க்காதவர்கள். அவர்கள் பேசுவது எல்லாம் பயிற்சி ஆட்டம், பக்கத்துப் பள்ளியோடு ஆடிய மேட்ச், அங்கே கிடைத்த சாப்பாடு, வழியில் பஞ்சரான சைக்கிள். பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்கினால் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் கேட்பார். கொடுத்த கடன் எதுவும் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. அப்படிப் போனது போக மிஞ்சிய நேரத்தில் கிடைத்ததைத்தான் இத்தனை வருஷம் கழித்தும் சொல்கிறார்கள்.

இன்றைக்கு சோனல் நடத்துகிற தம்பி தங்கைகளிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஜூலை, ஆகஸ்டில் குலுக்கலுக்கு உட்காரும்போது, பதினான்கு, பதினேழு, பத்தொன்பது என்று ஒவ்வொரு பிரிவுக்கும் நாக்அவுட் கட்டம் வரைகிற அதே தாளின் கீழே, தோற்றவர்களுக்கான கட்டத்தையும் வரைந்துவிடுங்கள். தலைமையாசிரியர் கையெழுத்துப் போடும்போது சேர்த்தே போட்டுவிடுவார், யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். இரண்டாவது வலை இல்லாவிட்டால் பக்கத்துப் பள்ளியில் இரவல் வாங்குங்கள். எட்டு அணி வந்தால் கூடுதலாக மூன்றே மேட்ச். பதினோரு அணி என்றால் மிஞ்சிப் போனால் ஆறு.